புளித்துப்போன டைஜெஸ்டர்: சாணக் கரைசல் இப்போதே விடலாமா?

சமையலறைக் கழிவில் ஓடும் 1000 லிட்டர் மிதவை டிரம் டைஜெஸ்டர், அதாவது கழிவை நொதிக்கவைத்து சமையல் எரிவாயு தரும் தொட்டி; வாயு சேரச் சேர மேலே மிதக்கும் டிரம் எழும்பும். டிரம் நன்றாகவே மேலெழும்புகிறது, ஆனால் அடுப்பில் வாயு பற்றுவதில்லை. காட்டிய தீக்குச்சியையும் அணைத்துவிடுகிறது. வெளிவரும் கரைசலில் பிஎச் (அமில-கார அளவு; குறையக் குறைய அமிலம் அதிகம்) 6.1, மூக்கைத் துளைக்கும் புளித்த வாடை.

காரணம் தெளிவு. மாவுச்சத்து மிச்சமும் பழக்கழிவும் அளவுக்கு மீறிப் போயிருக்கின்றன. அமிலம் உண்டாக்கும் பாக்டீரியா வேகமாகப் பெருகும். அந்த அமிலத்தைத் தின்னும் மீத்தேன் நுண்ணுயிரிகள் மெதுவாகத்தான் வளரும். ஆக, டிரம்மில் சேர்வது பெரும்பாலும் கரியமில வாயு.

தீனியை, அதாவது கழிவு போடுவதை, அறவே நிறுத்தியாயிற்று. சமையல் சோடா 250 கிராம் வீதம் வெதுவெதுப்பான நீரில் கரைத்து ஊற்றி, கிளறி, மறுநாள் பிஎச் பார்த்துத்தான் அடுத்த 250 கிராம். சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம்: பிஎச் சட்டென எகிறும், கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு அடியில் கல்லாகப் படியும்.

அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள். புதிய சாணத்தைச் சம அளவு நீரில் கரைத்து 100 லிட்டர் விட நினைக்கிறோம். இப்போதே விடலாமா, பிஎச் 6.8 தொடும்வரை பொறுக்கணுமா? அமிலச் சூழலில் விட்டால் சாணத்தோடு வரும் புது மீத்தேன் நுண்ணுயிரிகளும் முடங்கிவிடுமோ என்பதுதான் கவலை.

நீலச்சுடர் திரும்பியபின் நாளுக்கு 1 கிலோ ஈரக்கழிவில் தொடங்கி 5 கிலோவரை ஏற்ற எண்ணம். பிஎச் கடைசியில்தான் விழும், அதை மட்டும் நம்ப முடியாது. அமிலத்துக்கும் காரத்தன்மைக்கும் உள்ள விகிதத்தை டைட்ரேஷனில் (துளித்துளியாக அமிலம் விட்டு அளக்கும் சோதனையில்) பார்ப்பவர்கள், எந்த அளவுக்குக் கீழே வந்தபின் தீனியைக் கூட்டுகிறீர்கள்?