ஃபார்மலினுக்குப் பதில் வெல்லக் கரைசல்: வேலூர் வெயிலுக்குத் தாங்குமா?

பாலாறு:
மாணவர்கள் ஸ்லைடு போட்டுப் பழகும் லேபில், திசுத் துண்டு அழுகாமல் பதப்படுத்த ஃபார்மலின் எதற்கு? 2004-லேயே சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் குழுவில் வைத்துவிட்டது. வெல்லம் போதும் என்கிறேன். 30 கிராமை டிஸ்டில்டு வாட்டரில் கரைத்து, 100 மி.லி. ஆக்கி, ஃபில்டர் பேப்பரில் வடிகட்டுங்கள். ஆட்டு ஈரல் துண்டு 3 மி.மீ. தடிமனைத் தாண்டக்கூடாது. துண்டைப்போல 20 மடங்கு கரைசல், 24 மணி நேரம். சர்க்கரை உடைந்து, ஃபார்மலினில் இருப்பதுபோன்ற ஆல்டிஹைடாகிப் புரதத்தைப் பிணைக்கும்.

மைக்ரோடோம்:
அந்தக் கடைசி வரிதான் இடிக்குது சார். ஒரு நாளில் அவ்வளவு ஆல்டிஹைடு எங்கிருந்து வரும்? ஈரத்தை எடுக்கத் துண்டு அடுத்து ஆல்கஹாலுக்குப் போகுதே, புரதம் அங்கேயே உறைஞ்சிடும். வேலை பார்த்தது ஆல்கஹால், பேர் வாங்குறது வெல்லமா?

வெல்லமண்டி:
முதலில் எந்த வெல்லம்? பளிச்சென்று மஞ்சளாக இருந்தால் ஹைட்ரோஸ் போட்டு வெளுத்ததாக இருக்கலாம். கருத்த வெல்லமே வாங்குங்க. அடுத்தது ஈஸ்ட். பகலில் 40 டிகிரி அடிக்கும் மே மாதத்தில் ஒரு ராத்திரி வெளியே விட்டால், காலையில் மூடியைத் திறக்கும்போதே புஸ்ஸென்று காற்று, மேலே நுரை, கள் வாடை. துண்டின் ஓரம் கொழகொழத்துப்போகும்.

பாலாறு:
அப்போ தேன்? ஜவ்வாது மலைத் தேன் வருஷக்கணக்கில் கெடாதே.

வெல்லமண்டி:
கெடாதது கெட்டித் தேன். அதில் ஈரம் குறைவு, ஈஸ்ட் பெருகாது. ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் ஊற்றின பிறகு அது ஈஸ்டுக்கு வச்ச பாயசம். கெட்டியாகவே ஊற்றினால் துண்டு தண்ணீரை இழந்து சுருங்கிடும்.

பாலாறு:
அன்றன்று கொதிக்கவைத்து ஆற்றிய கரைசல், ஓமத்தில் இருக்கிற தைமாலில் ஒரு சின்னத் துண்டு, 12 மணி நேரத்தில் ஒருமுறை மாற்றுவது. பூஞ்சை அடங்கும்.

மைக்ரோடோம்:
வகுப்புக்கு ஓட்டுங்க, சண்டை இல்லை. நோயாளியோட பயாப்ஸியில் கை வைக்காதீங்க. மார்பகக் கட்டிக்கு ஹார்மோன் ஏற்பி (ஹார்மோனைப் பிடிக்கிற புரதம்) பார்க்கணும்னா 6 முதல் 72 மணி நேரம் பஃபர் ஃபார்மலின்தான், அதாவது அமிலமாகாம இருக்க உப்பு சேர்த்த ஃபார்மலின்தான் விதி. ஆன்டிபாடி டெஸ்டெல்லாம் அதுக்கே சரிபார்த்தது. அதைத் தயாரிக்க லிட்டருக்கு 100 மி.லி. கெட்டி ஃபார்மலின், 900 மி.லி. தண்ணீர், மோனோசோடியம் பாஸ்பேட் 4 கிராம், டைசோடியம் பாஸ்பேட் 6.5 கிராம். பஃபரை விட்டா அமிலமாகி, ரத்தம் நிறைஞ்ச துண்டில் கருப்புப் புள்ளி விழும். நெடிக்கு வழி எக்ஸாஸ்ட், இறுகின மூடி, நைட்ரைல் கையுறை.

பாலாறு:
பயாப்ஸியை நான் இழுக்கவே இல்லையே. வகுப்புக்கு வெல்லம் தேறுமா தேறாதா?

மைக்ரோடோம்:
ஒரே ஈரலை மூணாக வெட்டுங்க. ஒண்ணு வெல்லத்தில், ஒண்ணு ஃபார்மலினில், ஒண்ணு வெறும் சலைனில் (உப்புத் தண்ணீரில்). ஒரே பேட்சில் ஆல்கஹாலுக்கு அனுப்புங்க. சலைன் துண்டும் வெல்லத் துண்டும் ஒரே மாதிரி வந்தால் வெல்லம் எதுவும் செய்யலை. ஓரத்தைப் பார்த்து ஏமாறாதீங்க. நடுவில் நியூக்ளியஸ் வெளிறியிருக்கா, செல் எல்லை கலைஞ்சிருக்கான்னு பாருங்க.