மதச் சார்புள்ள கல்லூரியில் படித்தவர்கள், அங்கே நடந்ததைச் சொல்லுங்கள்

பிரிக்பீல்ட்ஸ் அப்பா

மூத்தவளுக்கு எஸ்.டி.பி.எம். (ஆறாம் படிவ இறுதிப் பரீட்சை) முடிந்து, மதச் சார்புள்ள ஒரு தனியார் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. நல்ல படிப்பு, கட்டணமும் நமக்குக் கட்டுப்படியாகும். ஆனால் சேர்க்கைக் கடிதத்தோடு தடியாக ஒரு விதிமுறைப் புத்தகமும் வந்திருக்கிறது. உடை, ஹாஸ்டல் நேரம், சாப்பாடு, காலை வழிபாடு, ஆண் பெண் எங்கே சேர்ந்து உட்காரலாம் என்பது வரை எழுதியிருக்கிறார்கள். கடைசிப் பக்கத்தில் அவளும் நானும் கையெழுத்துப் போட வேண்டுமாம். எங்கள் வீட்டில் யாரும் இப்படிப்பட்ட இடத்தில் படித்ததில்லை. அறிவுரை வேண்டாம், அதைக் கொடுக்கக் கோயிலிலேயே நிறையப் பேர் இருக்கிறார்கள். படித்தவர்கள் அனுபவத்தைச் சொன்னால் போதும்.

ஜெலுத்தோங் தாதி

அண்ணே, நான் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையினர் நடத்தும் இடத்தில் தாதியர் படிப்பு முடித்தவள். அவர்களுக்கு வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததிலிருந்து சனிக்கிழமை பொழுது சாயும் வரை ஓய்வுநாள். வகுப்பு, பரீட்சை எதுவும் அதற்குள் வராது. சாப்பாடு சைவம்தான். புரட்டாசி சனிக்கு வீட்டில் விரதம் இருந்து பழகிய எனக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. மற்ற மாதங்களில்தான் நாசி கண்டார் (கறிக் குழம்புச் சோறு) கடையைத் தாண்டும்போது கால் நின்றுவிடும்.

சிக்கல் மூக்குத்தியில் வந்தது. நகை போடுவதை அந்தச் சபை பொதுவாகவே விரும்புவதில்லை. அதற்கு மேல் தாதி வேலை வேறு. ஆயாவுக்குச் செய்தி போனதும் ஒரே அழுகை. ஓட்டை தூர்ந்துவிடும் என்று பயந்து, தென்னை ஈர்க்கைச் சின்னதாக நறுக்கி, மஞ்சளில் தோய்த்து, மூக்கில் செருகி அனுப்பினார். முதல் வாரமே டியூட்டர் கண்ணில் பட்டுவிட்டது. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் எங்கள் எல்லோரையும் லேபுக்குக் கூட்டிக்கொண்டு போனார். மோதிரம் போட்ட ஒருத்தியையும் போடாத ஒருத்தியையும் கை கழுவச் சொல்லி, விரலை அகார் தட்டில் பதிக்க வைத்தார். (நாம் இனிப்புக்குக் கிண்டும் அதே அகார் அகார்தான்.) அடுத்த நாள் தட்டைத் திறந்து காட்டியபோது, மோதிர விரல் பதிந்த இடத்தில் புள்ளி புள்ளியாக என்னவெல்லாமோ முளைத்திருந்தது. வார்டுக்குப் போகும்போது எடுத்துவிடு, அறையில் உன் இஷ்டம் என்றார். அதற்கு அப்புறம் என் கையில் மோதிரம் ஏறியதே இல்லை, கல்யாணத்தன்று தவிர.

காலை ஜெபக் கூட்டத்துக்குப் போக வேண்டும், பெயர் எடுப்பார்கள். பாடச் சொல்லி யாரும் வற்புறுத்தியதில்லை. நான் பின்வரிசையில் உட்கார்ந்து மருந்துப் பெயர் மனப்பாடம் செய்வேன். அது அவர்களுக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

செந்தூல் வாசி

தாதி அக்காவுக்குக் கிடைத்த டியூட்டர் எல்லோருக்கும் கிடைக்க மாட்டார். நான் படித்தது தலைநகருக்குப் பக்கத்தில். கல்லூரிப் பெயரும் மதமும் வேண்டாம், எங்கள் வார்டனைப் போல ஓர் ஆள் எந்த மதத்திலும் இருப்பார்.

எங்கள் புத்தகத்தில் உடையைப் பற்றி இருந்தது ஒரே வரி: கண்ணியமாக உடுத்த வேண்டும். பொட்டு, விபூதி, கயிறு பற்றி ஒரு எழுத்தும் இல்லை. தைப்பூசத்துக்குப் பத்துமலையில் காவடி எடுத்துவிட்டுக் கையில் மஞ்சள் கயிற்றோடு ஹாஸ்டலுக்குத் திரும்பினேன். வார்டன் கத்தரிக்கோலை எடுத்து மேசையில் வைத்தார். "நீயே வெட்டு" என்றார். எந்த விதி சார் என்று கேட்டதற்கு, "விதி எல்லாம் உனக்கு எதற்கு, இடத்துக்குத் தகுந்த மாதிரி இரு" என்று பதில். வெட்டினேன். பெண்கள் பிளாக்கில் பொட்டை அழிக்கச் சொல்கிறார்கள் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

என் அறைத் தோழன் மலாக்காக்காரன், கொஞ்சம் வம்புக்காரன். மாணவர் விவகாரப் பிரிவுக்குக் கடிதம் எழுதினான். அப்படி ஒரு தடை கிடையாது என்று அவர்களே எழுத்தில் பதில் கொடுத்தார்கள். வார்டன் அதோடு நிறுத்திக்கொண்டார். அடுத்த செமஸ்டரில் எங்களுக்குக் கிடைத்தது தண்ணீர் ஏறாத நான்காம் மாடி அறை. தற்செயலாக இருக்கலாம், யார் கண்டது.

அதனால் அண்ணே, புத்தகம் தடியாக இருக்கிறதே என்று கவலைப்படாதீர்கள். மெல்லிசாக இருந்தால்தான் நான் பயப்படுவேன். எழுதியிருந்தால் பக்கத்தைத் திறந்து காட்டிப் பேசலாம். எழுதாததை வார்டன் இஷ்டத்துக்கு வளைப்பார்.

தஞ்சோங் பூங்கா

கத்தோலிக்கப் பாதிரியார்களைப் பயிற்றுவிக்கும் குருமடத்தின் கதை ஒன்று. பினாங்கில் இருக்கும் காலேஜ் ஜெனரல் 1665இல் சயாமின் அயுத்தியாவில் தொடங்கி 1808இல் இங்கே வந்து சேர்ந்தது. இங்கே பாடம் நடத்திய இம்பேர், சாஸ்தான் இருவரும் பின்னாளில் கொரியாவுக்குப் போய் 1839இல் கொல்லப்பட்டார்கள், 1984இல் புனிதர்களாக உயர்த்தப்பட்டார்கள். என் பெரியப்பா அங்கே குருமாணவராகச் சில வருடம் இருந்துவிட்டு, இது நமக்கு ஒத்துவராது என்று வெளியே வந்து கல்யாணம் செய்துகொண்டவர். இரவு ஜெபம் முடிந்தால் மறுநாள் காலைத் திருப்பலி வரை வாயைத் திறக்கக் கூடாதாம். வெளியே வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. அவர் வீட்டில் ஒன்பது மணிக்கு மேல் டிவி ஓடியதே இல்லை. பெரியம்மாவுக்கு இன்றும் அதில் கோபம்தான். எந்த நாடகத்தின் கடைசிக் காட்சியையும் பார்த்ததில்லையாம்.

பூச்சோங் தம்பி

என் சித்தப்பா மகன் அமெரிக்காவில் யூட்டா மாநிலம் புரோவோவில் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் படித்தான். மார்மன் சபையுடையது. சபையைச் சேராத மாணவனும் அவர்களுடைய நன்னடத்தை உறுதிமொழியை ஏற்றால்தான் இடம். மது, புகை கிடையாது என்பது புரிகிறது. டீயும் காப்பியும் கூடக் கிடையாது! தே தாரிக் இல்லாமல் கண் விழிக்காதவன் மூலிகைச் சாறு குடித்துப் பட்டம் வாங்கினான். தாடிக்கும் தடை. மருத்துவம், நாடகம், மதம் என்று மூன்று காரணங்களுக்கு விலக்கு உண்டு என்று 2015இல் தெளிவாகச் சொன்னார்கள். விரதத் தாடி வளர்க்கலாமே, எழுதிக் கேளடா என்றார் சித்தி. இவன், எனக்குச் சவரமே வசதி என்று சொல்லிவிட்டான். சித்திதான் முருகனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

கோம்பாக் வழக்கறிஞர்

பிரிக்பீல்ட்ஸ் ஐயா, காலை வழிபாடு என்று எழுதியிருந்தீர்கள். அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நம் மலேசியக் கூட்டரசு அரசமைப்பின் 12(3)ஆம் பிரிவு, தன் மதமல்லாத மதத்தின் போதனையைப் பெறவோ வழிபாட்டில் பங்கெடுக்கவோ யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. படிக்கத் தெம்பாக இருக்கும். ஆனால் தனியார் கல்லூரியில் நீங்கள் போடும் கையெழுத்து ஓர் ஒப்பந்தம். விமானப் பணிப்பெண் ஒருவர் கர்ப்பமானதால் வேலையிழந்த வழக்கில், அரசமைப்பின் சம உரிமைப் பாதுகாப்பு அரசுத் தரப்பின் மீறலுக்குத்தான், தனியார் ஒப்பந்தத்துக்குச் செல்லாது என்று கூட்டரசு நீதிமன்றம் 2005இல் சொல்லிவிட்டது. ஆகவே சட்டத்தை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். வருகை மட்டும் போதுமா, பங்கெடுக்கவும் வேண்டுமா, வராவிட்டால் என்ன தண்டனை, மேல்முறையீடு யாரிடம் என்று மின்னஞ்சலில் கேளுங்கள். தொலைபேசியில் கேட்டால் இனிக்க இனிக்கத்தான் பேசுவார்கள். பதிலை அச்செடுத்துப் புத்தகத்தோடு வைத்துக்கொள்ளுங்கள்.

நான் படித்தது 1983இல் தொடங்கிய அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில். ஹாஸ்டலை மஹல்லா என்பார்கள். பாஜு குரோங் (மலாய்ப் பெண்களின் நீண்ட உடை) இரண்டாம் வாரமே உடம்புக்குப் பழகிவிட்டது, இன்றும் நீதிமன்றம் இல்லாத நாளில் அதுதான் உடுத்துகிறேன். நோன்பு மாதத்தில் பகலில் கேண்டீன் இருக்காது. முந்தின மாலையே பசாரில் வாங்கி வைத்துவிடுவோம், மறந்தவர்களுக்குக் கெட்டில் மேகி.

பிரிக்பீல்ட்ஸ் அப்பா

எல்லோருக்கும் நன்றி. வழிபாடு பற்றியும், வெள்ளிக்கிழமை இரவு பேருந்து பிடித்து வீட்டுக்கு வர அனுமதி உண்டா என்றும் இப்போதுதான் மின்னஞ்சல் அனுப்பினோம். அவளே எழுதினாள். தாதி தங்கச்சி, ஈர்க்கு விஷயத்தை என் அம்மாவிடம் சொன்னேன், வாழை நாரும் வைக்கலாமாம்.