கொரோனாவில் நின்ற நடை: அறுபது தாண்டியவர்களை மறுபடி எப்படிக் கிளப்புவது?

வைகைக்கரை (கேள்வி)

மதுரை அண்ணாநகர் பக்கம் ஒரு குடியிருப்போர் சங்கம். 2020 மார்ச்சுக்கு முன்பு 60 முதல் 78 வயது வரை சுமார் இருபது பேர் விடியற்காலையில் வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றுவார்கள், ஆளுக்கு மூன்று நான்கு சுற்று. மார்ச்சில் ஊரடங்கு, ஜூன் 24-இல் மதுரைக்குத் தனியாக முழு ஊரடங்கு, அடுத்த வருசம் இரண்டாம் அலை. அதோடு கூட்டம் கலைந்தது. இன்றைக்கு வருவது ஆறு பேர். மற்றவர்கள் சொல்வது ஒன்றே: "ஒரு சுத்துக்கே கால் கெஞ்சுது." தரையில் உட்கார்ந்தால் எதையாவது பிடிக்காமல் எழ முடியவில்லை. பாதிப் பேருக்குச் சுகர், பிரஷர் மாத்திரை உண்டு.

இது வயசா, சும்மா இருந்த வினையா? எங்கிருந்து தொடங்குவது, எப்போது நிறுத்தச் சொல்வது?

மாடக்குளம்_பிசியோ

இரண்டும்தான். முதுமையில் தசை மெதுவாகக் கரையும், படுத்தால் வேகமாகக் கரையும். ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்த ஆய்வில் கால் தசை ஏறத்தாழ 1 கிலோ குறைந்தது. ஊரடங்கில் யாரும் படுத்தே கிடக்கவில்லை, ஆனால் மாதக்கணக்கில் டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். ஜப்பானில் 1,600 முதியவர்களிடம் கேட்டதில், உடல் அசையும் நேரம் 2020 ஜனவரியில் வாரம் 245 நிமிடம், ஏப்ரலில் 180. கட்டுப்பாடு தளர்ந்ததும் பெரும்பாலோர் பழைய அளவுக்கு வந்தார்கள். தனியாக வசித்து யாரோடும் புழங்காதவர்கள்தான் பின்தங்கினார்கள். உங்கள் சங்கத்திலும் முதலில் அவர்கள் கதவைத் தட்டுங்கள்.

கால் கெஞ்சுவதை மூச்சுக் குறைவு என்று நினைத்து நடையைக் கூட்டுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. குறைந்திருப்பது பெரும்பாலும் தொடைப் பலமும் நிலை தடுமாறாமல் நிற்கும் திறமும். சமதளத்தில் நடப்பது மட்டும் இவற்றைத் திருப்பித் தராது. ஆகவே தெப்பக்குளத்துக்கு முன்னால் நாற்காலி.

17 அங்குல உயரம், கைப்பிடி இல்லாதது, சுவரோடு ஒட்டிப் போடவும். நடுப்பகுதியில் உட்கார்ந்து, பாதம் தரையில் பதிய, கைகளை நெஞ்சில் குறுக்கே கட்டி, 30 விநாடியில் எத்தனை முறை முழுசாக எழுந்து உட்காருகிறார் என்று எண்ணுங்கள். 65-69 வயதில் ஆண் 12-க்கும் பெண் 11-க்கும் கீழே என்றால் குறைவு. 70-74-இல் 12, 10. 75-79-இல் 11, 10. கை ஊன்றித்தான் எழுந்தார் என்றால் கணக்கு பூஜ்யம். அதற்காக வருத்தப்பட வேண்டாம், அதுதான் தொடக்கப் புள்ளி.

அடுத்தது நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்காருவது. 12 விநாடியோ கூடவோ ஆனால் விழும் ஆபத்து உண்டு. அவரைத் தனியாக ரோட்டில் விடாதீர்கள்.

பயிற்சி: சோதனையில் வந்த எண்ணிக்கையில் பாதி, அதை இரண்டு தடவை, வாரம் மூன்று நாள், நடுவே ஒரு நாள் இடைவெளி. கையை ஊன்றினால்தான் எழ முடிகிறதா? இருக்கையில் இரண்டு தலையணை வைத்து உயர்த்திக்கொண்டு பழகி, ஒவ்வொன்றாக எடுங்கள். உட்காரும்போது "தொப்"பென்று விழக் கூடாது, மூன்று எண்ணி இறங்கணும். பலம் வருவது அந்த இறக்கத்தில்தான். கூடவே சமையல் மேடையைப் பிடித்துக் குதிகால் உயர்த்தல் பத்து, ஒரு பாதத்தின் முன் மறு பாதத்தை ஒட்டி வைத்து 10 விநாடி நிற்பது. பலன் கண்ணில் பட எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம்.

விளக்குத்தூண்_வாக்கர்

நடைக் கணக்கு நான் சொல்கிறேன். தெப்பக்குளம் சுமார் 1000 அடிக்கு 950 அடி, அதனால் ஒரு சுற்று ஏறக்குறைய 1.2 கிலோமீட்டர். நடை நின்று போனவருக்கு முதல் நாளே அது அதிகம். முதல் இரண்டு வாரம் ஒரு பக்கம் போய்த் திரும்பினால் போதும், காலையில் 10 நிமிடம், மாலையில் 10. பிறகு வாரத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் மட்டும் கூட்டலாம். பேச முடியணும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம்.

பத்தாயிரம் காலடி என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை விடுங்கள். அது 1960-களில் ஜப்பானில் காலடி எண்ணும் கருவி விற்க வந்த எண். அறுபது தாண்டியவர்களுக்கு நாளுக்கு 6,000 முதல் 8,000-க்கு மேல் கூடுதல் பலன் அவ்வளவாக ஏறுவதில்லை.

சித்திரை, வைகாசியில் காலை ஏழரைக்கெல்லாம் நடையை முடித்து வீட்டுக்குக் கிளம்பிவிடணும். மீனாட்சி கோயிலுக்குள் ஆடி வீதியில் வெறுங்காலோடு சுற்றுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: சுகரில் பாத உணர்ச்சி மங்கியவருக்குக் கல் சுடுவது தெரியாது, வீட்டுக்கு வந்து பார்த்தால் கொப்புளம். அவர்கள் விடியற்காலையில் போகட்டும், வந்ததும் பாதத்தைத் திருப்பிப் பார்க்கட்டும். ரோட்டு நடைக்கு ஹவாய் செருப்பு வேண்டாம், குதிகாலில் பட்டை உள்ளதாகப் போடுங்கள்.

இன்னொன்று. நம்ம ஊர் ஆட்கள் 2020-க்கு முன்னால் "உடற்பயிற்சி" செய்தது குறைவு. காய் வாங்க, ரேஷன் கடைக்கு, கோயிலுக்கு, பேரனைப் பள்ளியில் விட என்று நடந்ததுதான் பெரும்பகுதி. கொரோனாவில் அதெல்லாம் மகன் கைக்கும் போனுக்கும் போனது. 2020-இல் மீனாட்சி கல்யாணத்தையே வீட்டிலிருந்து பார்த்தோம். அந்த வேலைகளைப் பெரியவர்கள் கையில் திருப்பிக் கொடுங்கள், அக்கறை என்று பிடுங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். அரை லிட்டர் பால் பாக்கெட் இரண்டு என்றால் கையில் ஒரு கிலோ, அதுவும் பயிற்சிதான்.

டூட்டி_நர்ஸ்

மாத்திரை விசயத்தில் கவனம். சுகருக்குக் கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் வெறும் வயிற்றில் நடக்க வேண்டாம். வியர்வை, கை நடுக்கம், கிறுகிறுப்பு வந்தால் உட்கார வைத்து மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுங்கள், 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. நடக்க ஆரம்பித்ததும் சுகர் அளவு இறங்கலாம், டாக்டரிடம் சொல்லி மாத்திரை அளவைப் பார்க்கணும்.

பிரஷர் மாத்திரைக்காரர் படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். ஐந்து நிமிடம் படுத்தபின் ஒரு தரம், எழுந்து நின்று ஒன்றாவது, மூன்றாவது நிமிடத்தில் ஒரு தரம் என்று பிரஷரை அளந்து பாருங்கள். மேல் அளவு 20 இறங்கினால் டாக்டரைப் பார்க்காமல் பயிற்சி வேண்டாம்.

சாப்பாட்டையும் சொல்கிறேன். இட்லியும் ரசஞ்சோறும் மட்டும் தின்று தசை வளராது. நாளுக்கு, எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம், அதாவது 60 கிலோ ஆளுக்கு 60-72 கிராம். ஒரு முட்டை 6, 50 கிராம் பாசிப்பயறு சுமார் 12, ஒரு டம்ளர் பால் 6. கிட்னிக் கோளாறு உள்ளவருக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது.

நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ ஓடும் வலி, மயக்கம் என்றால் அங்கேயே நிறுத்தி 108.

வைகைக்கரை

நன்றி. மூன்று விசயம். ஒருவருக்கு முழங்கால் வலி. ஓர் அம்மாவுக்கு 2021-இல் கொரோனா வந்து ஆஸ்பத்திரியில் இருந்தார், இன்னும் அசதி. பெண்கள் காலையில் வர மறுக்கிறார்கள், அடுப்பு வேலை என்கிறார்கள்.

மாடக்குளம்_பிசியோ

முழங்கால்காரர் ஓய்வெடுத்தால் தொடை இன்னும் இளைத்து, மூட்டில் பாரம் கூடும். லேசான வலியோடு செய்யலாம். அந்த வலி மறுநாள் அதே நேரத்திலும் இருந்தால் அளவைப் பாதியாக்குங்கள். மூட்டு வீங்கிச் சூடாக இருந்தால் நிறுத்திக் காட்டணும்.

அந்த அம்மாவுக்கு அவசரம் வேண்டாம். விரலில் ஆக்சிஜன் கருவி மாட்டி ஒரு நிமிடம் எழுந்து உட்காரச் சொல்லுங்கள். அளவு 3 புள்ளி, அதற்கு மேல் இறங்கினால் நெஞ்சக மருத்துவரிடம். இறங்கவில்லை, ஆனால் வேலை செய்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ அடித்துப் போட்டமாதிரி கிடக்கிறார் என்றால் அவருக்கு "தினம் கொஞ்சம் கூட்டு" என்ற விதியே ஆகாது. சோர்வு வருமுன்னே நிறுத்திக்கொள்ளும் அளவிலேயே இருக்கட்டும்.

பெண்களைச் சாயங்காலம் வரச் சொல்லுங்கள். மீனாட்சி கோயிலைச் சுற்றி வண்டி ஓடாத சித்திரை வீதி இருக்கிறதே, ஆறு மணிக்கு மேல் கல்லும் ஆறியிருக்கும்.

வைகைக்கரை

ஞாயிறு ஆரம்பிக்கிறோம். நாற்காலி, அளவு டேப் ரெடி. ஸ்டாப்வாட்ச் வாங்கணுமா?

விளக்குத்தூண்_வாக்கர்

போன் போதும். பிளாஸ்டிக் நாற்காலி மட்டும் வேண்டாம், டைல்ஸில் வழுக்கும்.