கை ஒத்துழைக்காத சிபி (பெருமூளை வாதம்) குழந்தைக்கு ஐக்யூ டெஸ்ட் எப்படி எடுப்பது?

மகிழ் அம்மா:
மகளுக்கு 7 வயது, பெருமூளை வாதம், கை கால் தானாக முறுக்கிக்கொள்ளும் வகை. பேச்சு இல்லை. போன வாரம் ஐக்யூ பார்த்தார்கள். 10 மரத்துண்டுகளைப் பலகைக் குழிகளில் வைக்கச் சொல்லி ஸ்டாப்வாட்சைப் பிடித்தார்கள், அவளால் துண்டைப் பிடிக்கவே முடியாது. அப்புறம் தானாகச் சாப்பிடுவாளா, பட்டன் போடுவாளா என்று என்னிடம் கேட்டுவிட்டு, 'கடுமையான அறிவுத்திறன் குறைபாடு' என்று எழுதிவிட்டார்கள். காலையில் தம்பியின் டிபன் பாக்ஸை இவள் பையில் வைத்துவிட்டால் பாக்ஸையும் அவன் பையையும் மாறி மாறிப் பார்த்துச் சத்தம் போடுவாள். வேறு எப்படிப் பார்ப்பது?

சிறப்பாசிரியர்_கோவை:
சகோதரி, அந்த டெஸ்ட் அளந்தது அவள் கையை. ரேவன்ஸ் கலர்டு மேட்ரிசஸ் என்ற படப் புதிர் டெஸ்ட் எடுக்க முடியுமா என்று கேளுங்கள். ஒரு டிசைனில் ஒரு துண்டு இல்லாமல் இருக்கும், கீழே உள்ள 6 துண்டுகளில் எது பொருந்தும் என்று காட்டினால் போதும். மொத்தம் 36 கேள்விகள், ஸ்டாப்வாட்ச் தேவையில்லை. விரலால் காட்ட முடியாதவளுக்குச் சைக்காலஜிஸ்ட் ஒவ்வொரு துண்டாகத் தொட்டு 'இதுவா?' என்று கேட்பார், அவள் கண்ணால் ஆமாம் சொல்லலாம். ஆனால் அதற்கு முன்னால் அவளுடைய 'ஆமாம்', 'இல்லை' இரண்டும் நம்பகமாக இருக்க வேண்டும், 'உன் பேர் மகிழா?', 'நீ பையனா?' என்று விடை தெரிந்த கேள்விகளாகக் கேட்டு முதலில் அதைச் சரிபார்க்க வேண்டும். நீங்கள் அவள் கண்ணில் படாமல் பின்னால் உட்காருங்கள், நம் முகமே விடையைக் காட்டிக்கொடுத்துவிடும்.

மார்க் கட்டாயம் கூடும் என்று நான் சொல்லவில்லை. சிபி குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அறிவுத்திறன் குறைபாடும் சேர்ந்தே இருக்கிறது. ஆனால் இருக்கிறதா இல்லையா என்பதை அவள் பதில் சொல்லக்கூடிய வழியில் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஓர்_அப்பா:
ஒன்று சேர்த்துச் சொல்கிறேன் மேடம். என் பையன் எப்போதும் வலது பக்கப் படத்தையே காட்டினான், புரியவில்லை என்றுதான் எழுதினார்கள். பிசியோதெரபிஸ்ட் பார்த்துவிட்டு, தலை வலப்பக்கம் திரும்பினால் அந்தப் பக்கக் கை தானாக நீளுகிற, கைக்குழந்தைகளுக்கு இருக்கும் ரிஃப்ளெக்ஸ் இன்னும் போகவில்லை என்றார். நாற்காலியில் இடுப்பை பெல்ட் போட்டு, தலையை நடுவில் நிறுத்தி, படங்களை மேலும் கீழுமாக வைத்தபோது பதில்கள் மாறின. பார்வையையும் சோதித்துவிடுங்கள். கண் நன்றாக இருந்தும் மூளை படத்தைச் சரியாக வாங்காத பிரச்சினை சிபியில் நிறைய உண்டு, நெருக்கமான படங்கள் அவர்களுக்குக் குழப்பம்.

மகிழ் அம்மா:
ஆமாம் என்றால் மேலே பார்ப்பாள், இல்லைக்குத் தனியாக எதுவும் கிடையாது. வலிப்பு மாத்திரை சாப்பிட்டதும் தூங்கி வழிவாள், டெஸ்ட்டும் அந்த நேரத்தில்தான் நடந்தது.

சிறப்பாசிரியர்_கோவை:
அப்படியென்றால் முதலில் 'இல்லை'க்கு ஓர் அசைவைப் பழக்குங்கள், கண்ணை மூடுவதோ கீழே பார்ப்பதோ, வீட்டில் எல்லோரிடமும் அதே அசைவாக இருக்கட்டும். டெஸ்ட்டை அவள் தெளிவாக இருக்கும் நேரத்தில், இரண்டு மூன்று நாளாகப் பிரித்து எடுக்கச் சொல்லுங்கள். சென்னை பக்கம் முட்டுக்காட்டில் உள்ள நிப்மெட்டிலோ (பல்வகைக் குறைபாடுகளுக்கான மத்திய அரசு நிறுவனம்), சென்னை கோட்டூர்புரத்தில் மாற்றுத்திறனாளிகளுக்காக நடக்கும் வித்யாசாகர் தொண்டு நிறுவனத்திலோ விசாரித்துப் பாருங்கள். எப்படி மாற்றி எடுத்தார்கள் என்பதை ரிப்போர்ட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், பள்ளியில் அதைத்தான் கேட்பார்கள்.