மனிதன் இல்லாமல் மலைக்கும் ஆற்றுக்கும் அரசியல் உண்டா?

பொருநைக்கரையான் (கேள்வி):
பாலத்துக்கும் எந்திரத்துக்கும் அரசியல் உண்டு என்பதை ஏற்பது எளிது. செய்தவனுடைய நோக்கம் அவற்றில் ஏறியிருக்கும். பொதிகை மலை எவரும் செய்ததன்று. ஆயினும் தென்மேற்குப் பருவக்காற்றை அது மறித்து நிற்பதால்தான் மேற்கே பெருமழையும், கிழக்கே நாங்குநேரிப் பக்கம் வானம் பார்த்த பூமியும் அமைந்தன. ஒரு சாராருக்குக் கொடுத்து மறு சாராருக்கு மறுக்கும் இதனை மனிதத் தலையீடற்ற அரசியல் என்று கொள்ளலாமா?

செங்கோட்டைக்காரன்:
கொள்ள இயலாது. மனிதர் வருமுன்பும் இந்த மழைமறைவு இருந்தது. அன்று அது வெறும் வானிலைதான். மலையே எல்லை வகுக்கிறது என்றும் சிலர் வாதிடுவர். எங்கள் ஊர் மலைக்குக் கிழக்கே இருந்தும் நெடுங்காலம் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தது. 1956 நவம்பர் 1 அன்றுதான் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. மறு ஆனியிலும் ஆரியங்காவுக் கணவாய் வழியே சாரல் முன்போலவே வந்தது. வரி கட்டும் கஜானாதான் மாறியது.

கடைமடை:
அண்ணாச்சி சொல்வது சரி, ஆனால் முழுதும் சரியன்று. தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசியானது எங்கள் ஸ்ரீவைகுண்டம். பிசானப் பருவ நெல் நாற்று வாடும் நாளில் மேலே உள்ள மதகின் ஷட்டரை எத்தனை அங்குலம் இறக்குவது என்பதற்காக, மனுவும் கையுமாக அலுவலகப் படியேறுகிறவர்கள் நாங்கள்தாம். மேல்மடைக்காரர் எங்களிடம் கெஞ்சி நின்றதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. மதகும் முறைப்பாசனமும் மனிதன் வைத்தவை. நீர் பள்ளத்துக்கே பாயும் என்பதை எந்த அரசாணை மாற்றும்? சரிவு தானாக அரசியல் ஆகாது. ஆனால் அரசியல் வந்தபின் யார் கை ஓங்கும் என்பதைப் பெரும்பாலும் அதுவே முடிவு செய்கிறது.

பொருநைக்கரையான்:
அப்படியானால், மனிதர் குடியேறாத இடத்தை என்னவென்பது? 1970 புயலுக்குப் பின் வங்கக் கடலில் தென்பட்ட மணல்திட்டை நாம் நியூ மூர் என்றோம். வங்கதேசம் தென் தல்பட்டி என்றது. ஆளில்லாத அத்தீவுக்கு இரு நாடுகளும் உரிமை கோரினவே?

செங்கோட்டைக்காரன்:
குடியிருப்பு இல்லை என்பதும் மனிதத் தலையீடு இல்லை என்பதும் ஒன்றல்ல, தம்பி. தகராறு மணலைப் பற்றியதன்று. அதை வைத்துக் கடல் எல்லைக்கோட்டை எங்கே இழுப்பது என்பதைப் பற்றியது. 2010-க்குள் அத்தீவு நீரில் மூழ்கிவிட்டது. எல்லை வழக்கோ அதன்பின்பும் நடந்து, 2014-இல்தான் தீர்ப்பாயத்தில் முடிந்தது.