யூரிட்டர், யூரித்ரா: இரண்டுக்கும் ஒரே சொல் போதாது

அனைவருக்கும் வணக்கம்.

சிறுநீரகக் கல் எடுத்தவர்களுக்கு மருத்துவமனையில் கொடுத்தனுப்பும் நான்கு பக்கக் குறிப்பு ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் யூரிட்டர், பையிலிருந்து வெளியே போகும் யூரித்ரா இரண்டும் ஒரே பக்கத்தில் வருகின்றன. முன்னதற்குச் சிறுநீர்க்குழாய், சிறுநீர் நாளம் என்றும், பின்னதற்குச் சிறுநீர்க்குழாய், சிறுநீர் வடிகுழாய், சிறுநீர்ப் புறவழி என்றும் எழுதுகிறார்கள். வாசிப்பவருக்கு எல்லாமே 'யூரின் போற டியூப்' தான்.

இதில் எனக்குச் சொந்த வலி உண்டு. என் சித்தப்பாவுக்குக் கல் எடுத்தபோது யூரிட்டருக்குள் இரு முனையும் சுருண்ட மெல்லிய குழாயான டிஜே ஸ்டென்ட் ஒன்றும், யூரித்ரா வழியாகச் சிறுநீரை வெளியே எடுக்கும் கதீட்டர் குழாய் ஒன்றும் வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் கதீட்டரை உருவிவிட்டு "டியூப் எடுத்தாச்சு" என்றார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்த தாளில் 'சிறுநீர்க்குழாயில் ஸ்டென்ட் உள்ளது, ஆறு வாரத்தில் எடுக்கவும்' என்று இருந்தது. அதுதான் எடுத்தாச்சே என்று நினைத்துக்கொண்டோம். பதினான்கு மாதம் கழித்து எக்ஸ்ரேயில் பார்த்தால், சிறுநீரகத்தில் ஒரு சுருள், சிறுநீர்ப்பையில் ஒரு சுருள், இரண்டின் மேலும் புளியங்கொட்டை அளவுக்குக் கல் படிந்திருந்தது. அந்தத் தாளில் இரண்டு குழாய்க்கும் இரண்டு பெயர் இருந்திருந்தால் ஒருவராவது கேட்டிருப்போம்.

ஆளுக்கொரு சொல் தாருங்கள்.

*

அம்மா,

குழாயை விடுங்கள், நம்மிடம் தூம்பு இருக்கிறது. உள்ளே துளையுள்ள எதற்கும் அது பொருந்தும். மலைபடுகடாத்தில் பாணர் சுமந்துபோகும் 'களிற்றுயிர்த் தூம்பு' யானையின் துதிக்கை போல நெடிய ஊதுகருவி. ஏரிக் கல்வெட்டுகளில் தூம்பு என்பது கரைக்கு அடியில் நீர் வெளியேறும் வழி. காற்றுக்கும் அதே சொல், நீருக்கும் அதே சொல். துதிக்கையைத் தும்பிக்கை என்கிறோமே, அதுவும் தூம்போடு உறவுடையது என்பது என் நெடுநாளைய எண்ணம். துளை, தொளை, தொண்டை என்று அப்படியே போனால் இன்னும் பல கிடைக்கும், தனி மடலில் எழுதுகிறேன்.

யூரிட்டர் மேல்தூம்பு, யூரித்ரா கீழ்த்தூம்பு. சிறுநீரகத்தைக்கூட எங்கள் ஊர்க் கறிக்கடையில் இன்றும் குண்டிக்காய் என்றுதான் கேட்டு வாங்குகிறோம். இருக்கிற சொல்லை எடுத்தாளக் கூச்சம் எதற்கு?

*

ஐயாவுக்கு வணக்கம்.

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கட பாடநூல்களில் இது ஏற்கெனவே தீர்ந்த விசயம். யூரிட்டர் சிறுநீர்க்கான், யூரித்ரா சிறுநீர்வழி. சிறுநீரகத்தின் நுண்வடிகட்டியான நெப்ரானுக்குச் சிறுநீரகத்தி, அதிலுள்ள நுண்குழாய் முடிச்சான கிளாமருலசுக்குக் கலன்கோளம் என்றும் சொல் இருக்கு. கான் என்றால் இங்கே வீதியோரம் வெள்ளம் ஓடுகிற வாய்க்கால், சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

மருத்துவனாக இன்னொன்று. யூரிட்டருக்கு 'வடி' சேர்ந்த எந்தச் சொல்லும் வேண்டாம். 25 முதல் 30 செ.மீ. நீளம், 3, 4 மி.மீ. அகலமுள்ள தசைக்குழாய் அது. அலை அலையாகச் சுருங்கிச் சிறுநீரைத் தள்ளும், நாங்கள் படுத்திருந்தாலும் தள்ளும். தானாக வடிவதில்லை. கல் வந்து இடுக்கில் அடைக்கும்போது, அந்தத் தள்ளலும் மேலே தேங்கும் நீரின் அழுத்தமும் சேர்ந்துதான் ஆளைத் துடிக்க வைக்கிறது. சிறுநீரகத்தை விட்டு இறங்கும் இடம், இடுப்பெலும்பு விளிம்பில் இரத்தக்குழாயைக் கடக்கும் இடம், பைக்குள் நுழையும் இடம் என்று மூன்று இடுக்கு.

*

எல்லாருக்கும் வணக்கம். நான் சிறுநீரக வார்டில் செவிலியர். இருபது வருடமாகப் படுக்கைக்குப் படுக்கை இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

டாக்டர் சார், கான் நல்ல சொல்தான். ஆனால் எங்கள் ஊரில் அதை எழுத்துப்பிழை என்று நினைத்துவிடுவார்கள். தூம்பும் அப்படித்தான் ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். வயதானவர்கள் சொல்வது வேறு: நீர்க்கடுப்பு, நீரடைப்பு, கல்லடைப்பு, "நீர்த்தாரை எரியுதும்மா". நீர்த்தாரை என்று அவர்கள் சொல்லும்போது கடைசியில் இருக்கிற குழாயைத்தான் சொல்கிறார்கள், மேலே இருப்பதை இல்லை. யூரித்ராவுக்கு அதையே வைக்கலாமே. பெண்களுக்கு அது 4 செ.மீ. அளவுதான், கிருமி சீக்கிரம் ஏறிவிடும் என்று சொல்லும்போதும் நீர்த்தாரை என்றால் சட்டென்று புரிந்துகொள்கிறார்கள்.

*

செவிலியர் அம்மாவுக்கு,

வழக்கை மதிக்கிறேன். ஆனால் தாரை வடசொல். 'தாரை தப்பட்டை'யில் வரும் தாரை ஊதுகருவி, அது வேறு. 'தாரை தாரையாகக் கண்ணீர்' என்பதில் இருப்பது வடமொழி தாரா. மூத்திரத்தை விலக்கிச் சிறுநீருக்கு வந்த பிறகு பின்வாசலில் தாரையை அழைப்பானேன்? மேலும் தாரை என்பது ஒழுகும் நீர், குழாய் அல்ல.

*

வணக்கம். பொதுப்பணித்துறையில் ஏரிகளோடு காலம் கழித்தவன், மருத்துவம் தெரியாது. சிறுநீர்ப் பாதையின் படத்தைப் பார்த்ததும் எனக்கு ஏரிதான் தெரிந்தது.

சிறுநீர்ப்பை ஏரி. மேலே இரண்டு வரத்துக்கால், கீழே ஒரு போக்குக்கால். அப்படியே வரத்துக்குழல், போக்குக்குழல் என்று வையுங்கள். எது உள்ளே கொண்டுவருவது, எது வெளியே விடுவது என்று சொல்லே சொல்லிவிடும். யூரிட்டர் பையின் சுவரில் சாய்வாக நுழைவதால், பை நிறைந்தால் அந்த வாய் அழுந்தி மூடிக்கொள்ளும் என்று படித்தேன். அருமையான அமைப்பு. எங்கள் ஏரியில் நீர் ஏறினால் வரத்துக்கால் வழியே எதிர்த்து ஏறும்.

*

பொறியாளர் ஐயா சொன்ன வரத்துக்குழலில் எனக்குத் தடையில்லை. வரவு, வருகை, வரத்து எல்லாம் வா என்னும் வினையின் வழி வந்தவையே. வன்தொடர்க் குற்றியலுகரம் என்பதால் ஒற்று மிகும், தயவுசெய்து 'வரத்து குழல்' என்று அச்சிட்டுவிடாதீர்கள். ஆனால் போக்குக்குழல் வேண்டாம். போக்கு என்றதும் வயிற்றுப்போக்குதான் நினைவுக்கு வருகிறது. மருத்துவத் தாளில் அது ஆகாது. கீழ்த்தூம்பே சரி.

*

அனைவருக்கும் நன்றி. இன்று வியாழன், இரவுக்குள் அனுப்ப வேண்டும்.

நேற்று எங்கள் தெருவில் இட்லிக்கடை வைத்திருக்கும் அக்காவிடம் படத்தைக் காட்டி எல்லாச் சொல்லையும் வாசித்தேன். வரத்துக்குழல் என்றதும் விரலை மேலிருந்து பைக்குள் இழுத்துக் காட்டினார். நீர்த்தாரைக்கு விளக்கமே கேட்கவில்லை. கீழ்த்தூம்புக்கு "அது எங்க இருக்கு?" என்றார். ஐயா மன்னிக்க வேண்டும், யூரிட்டருக்கு வரத்துக்குழலும் யூரித்ராவுக்கு நீர்த்தாரையும் வைக்கிறேன். இரண்டும் இணையாக ஒலிக்கவில்லை என்பது தெரியும். குழப்பிக்கொள்ள வழியில்லாதபடி வேறு வேறாக ஒலிப்பதே இங்கு நல்லது என்று நினைக்கிறேன். மூன்றாம் பக்கம் இப்படிப் போகிறது:

"உங்கள் வரத்துக்குழலுக்குள் ஸ்டென்ட் இருக்கிறது. அது வெளியே தெரியாது. நீர்த்தாரையில் வைத்த கதீட்டரை எடுத்த பிறகும் ஸ்டென்ட் உள்ளேயேதான் இருக்கும். அதை எடுக்க வேண்டிய தேதி: ........"

*

தங்கச்சி, வசனம் நல்லாயிருக்கு. இங்கே அச்சடித்தால் கான் என்றுதான் போடுவேன், அதற்கு மட்டும் அனுமதி தாங்கோ.

*

அம்மா, அச்சுக்குப் போகட்டும். தேதி எழுதும் இடத்தை மட்டும் இன்னும் பெரிதாக விடுங்கள், என் போன்றவர்களுக்குக் கண் தெரியாது. தாரையில் எனக்கு இன்னும் உடன்பாடில்லை. தும்பிக்கை பற்றிய மடல் நாளை வரும்.