மார்ச்சில் ஆஹனிலிருந்து பக்கத்து நாடுகளுக்கு: டி விசா முடிகிறது, கார்டு இன்னும் வரவில்லை

பாளைக்காரர் (பாளையங்கோட்டை):

எல்லாருக்கும் வணக்கம். மக ஜெர்மனியில ஆஹன்ல எம்.எஸ். படிக்கா, வயசு 23. வகுப்பு பிப்ரவரி ஆரம்பத்துல முடியுது, அடுத்த செமஸ்டர் ஏப்ரல்ல. நடுவுல மார்ச்சுல 16 நாள் கூட்டாளிகளோட ஆம்ஸ்டர்டாம், பாரிஸ், சூரிச், ப்ராக் சுத்திட்டு வரலாம்னு திட்டம். லண்டனையும் சேத்துக்கலாமான்னு கேக்கா.

பாஸ்போர்ட்ல இருக்க டி விசா (நீண்ட நாள் தங்கற விசா) பிப்ரவரி 28-ல முடியுது. ரெசிடென்ஸ் கார்டுக்கு டிசம்பர்லயே விண்ணப்பம் குடுத்தாச்சு, அப்பாயின்ட்மென்ட் இன்னும் வரல. அரசு மருத்துவக் காப்பீடு இருக்கு, செமஸ்டர் டிக்கெட் இருக்கு. பிளாக்டு அக்கவுன்ட்ல (முன்கூட்டியே மொத்தமா கட்டி, மாசாமாசம் எடுக்கற கணக்கு) இருந்து மாசம் 992 யூரோதான் வரும். மார்ச்சுல எல்லை தாண்டலாமா? 16 நாளுக்கு ஒரே ரயில் பாஸா எடுத்துட்டா லாபமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பொதிகைச்சாரல் (தென்காசி):

அண்ணாச்சி, ஊர்ப் பட்டியலை அப்புறம் பாக்கலாம். மார்ச் 1-ஆம் தேதி காலையில பிள்ளை கையில என்ன தாள் இருக்கும்ங்கறதுதான் முதல் கேள்வி. மத்த எல்லாம் அதை வச்சுத்தான்.

டி விசா செல்லுபடியாகற வரைக்கும், அது கார்டு மாதிரியே வேலை செய்யும். மத்த ஷெங்கன் நாடுகளுக்கு (ஒரே விசாவுல சுத்தக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) தனி விசா இல்லாம, எந்த 180 நாளை எடுத்தாலும் அதுக்குள்ள 90 நாள் வரை போய் இருக்கலாம். ஜெர்மனியில இருக்கற நாள் இதுல சேராது. எல்லை தாண்டற நாளும் திரும்பற நாளும் ரெண்டுமே முழு நாளா எண்ணப்படும். 16 நாளுக்கு இது பிரச்சினையே இல்ல. உள்எல்லையில முத்திரை குத்த மாட்டாங்க, அதனால டிக்கெட், ஹாஸ்டல் ரசீதை அழிக்காம வச்சிருக்கச் சொல்லுங்க. எண்ணிக்கையில சந்தேகம் வந்தா அதுதான் சாட்சி.

விசா முடியறதுக்கு முன்னாடியே விண்ணப்பம் குடுத்துட்டதால ஜெர்மனிக்குள்ள அவ உரிமை தொடருது. ஆனா எல்லையில அதைக் காட்ட ஒரு தாள் வேணும். அதுக்குப் பேர் ஃபிக்சியோன்ஸ்பெஷைனிகுங். அது தானா வீட்டுக்கு வராது, வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு எழுதிக் கேக்கணும். பயணத் தேதி, முன்பதிவு, விசாப் பக்கத்தோட நகல், விண்ணப்பம் குடுத்த அத்தாட்சி நாலையும் இணைச்சு, "குடியிருப்புச் சட்டம் 81-ஆம் பிரிவு, 4-ஆம் உட்பிரிவின்படி சான்று வேண்டும்"னு இப்பவே மின்னஞ்சல் போடச் சொல்லுங்க.

சிக்கல் வர்ற இடம் இதுதான். அந்தத் தாளோட மூணாவது பக்கத்துல மூணு கட்டம் இருக்கும். மூணாவது கட்டத்துல குறி இருந்தா, அதாவது பழைய அனுமதி தொடருதுன்னு இருந்தா மட்டும்தான் மத்த ஷெங்கன் நாட்டுக்குப் போகலாம். அதுவும் முடிஞ்சுபோன விசாவையும் சேத்துக் காட்டணும். முதல் ரெண்டு கட்டத்துல எதுல குறி இருந்தாலும் அந்த உரிமை கிடையாது. தாளை வாங்கின உடனே கவுன்ட்டர்லயே மூணாவது பக்கத்தைத் திருப்பிப் பாக்கணும், வீட்டுக்கு வந்து பாத்தா திருத்தி வாங்க இன்னொரு அப்பாயின்ட்மென்ட் ஆயிரும்.

சட்டப்படி சரியான தாள்னாலும், விமானக் கவுன்ட்டர்ல நிக்கற பணியாளருக்கு அது என்னன்னு தெரியாமப் போக நிறைய வாய்ப்பு இருக்கு. அதனால அந்தத் தாளோட போறதா இருந்தா ரயில், பஸ் மட்டும் போதும், விமானம் வேண்டாம். அப்பாயின்ட்மென்ட்ல கைரேகை குடுத்த பிறகு கார்டு அச்சாகி வர 4 முதல் 6 வாரம் ஆகும். இந்த வாரமே கைரேகை எடுத்தாலும் மார்ச்சுக்குக் கார்டை நம்பித் திட்டம் போடக் கூடாது. என் யோசனை, பரீட்சைக்கு இடையில கிடைக்கற பிப்ரவரி நாள்கள்ல ஆம்ஸ்டர்டாம், பாரிஸை முடிச்சிரட்டும். ப்ராக், சூரிச் ரெண்டையும் தாள் கைக்கு வந்த பிறகு, பணம் திரும்பக் கிடைக்கற டிக்கெட்டா போடட்டும்.

லண்டன் இந்தக் கணக்குலயே வராது. ஷெங்கன் கார்டு இருந்தாலும் இந்தியப் பாஸ்போர்ட்டுக்குத் தனி விசா வேணும். பிரஸ்ஸல்ஸ் ஸ்டேஷன்ல லண்டன் ரயில் ஏறறதுக்கு முன்னாடியே பிரிட்டன் அதிகாரிங்க பாஸ்போர்ட் பாத்துருவாங்க. அயர்லாந்து, சைப்ரஸ் ரெண்டும் ஐரோப்பிய ஒன்றியத்துல இருந்தாலும் ஷெங்கன்ல இல்ல. சுவிட்சர்லாந்து நேர் எதிர், ஒன்றியத்துல இல்ல, ஷெங்கன்ல உண்டு.

இன்னொண்ணு. புளியரை செக்போஸ்ட் தாண்டற மாதிரி பஸ் நிக்காமலேகூடப் போயிரும், அதை நம்பிப் பாஸ்போர்ட்டை ரூம்ல வச்சுட்டுப் போகக் கூடாது. 2024 செப்டம்பர்ல இருந்து ஜெர்மனி தன் எல்லா நில எல்லையிலயும் சோதனை போட்டிருக்கு. திரும்பி வரும்போது ராத்திரி ரெண்டு மணிக்கு பஸ்ல ஏறிக் கேப்பாங்க. போன்ல இருக்கற படம் செல்லாது, அசல்தான்.

கொக்கிரகுளம் ரயிலடி:

ரயில் பாஸ் பத்தி நான் சொல்லுதேன். ஐரோப்பாவுல குடியிருக்கறவங்களுக்கு யூரெயில் பாஸ் கிடையாது, இன்டர்ரெயில் பாஸ்தான். குடியுரிமை எந்த நாடுங்கறது கணக்கில்ல, குடியிருப்புதான் கணக்கு. ஆனா குடியிருக்கற நாட்டுக்குள்ள அந்தப் பாஸ் வெளியே போக ஒண்ணு, உள்ளே வர ஒண்ணுன்னு ரெண்டு பயணத்துக்கு மட்டும்தான் செல்லும். ஆஹன்ல தங்கி நாலு திசைக்கும் போய்ப் போய்த் திரும்பற பிள்ளைக்கு இது ஒத்துவராது. போதாக்குறைக்கு யூரோஸ்டார், பிரான்ஸ் டிஜிவி, இத்தாலி அதிவேக ரயில் எல்லாத்துக்கும் பாஸ் இருந்தாலும் தனியா இருக்கை முன்பதிவுக் கட்டணம் கட்டணும். பாஸ்காரங்களுக்கு ஒதுக்கின இருக்கை தீர்ந்துட்டா அந்த ரயிலே இல்ல. அதனால பாஸ் வேண்டாம், தனித்தனி டிக்கெட் போதும்.

ஆஹன் எல்லை ஊர், அதுதான் பெரிய வசதி. நெதர்லாந்து, பெல்ஜியம், ஜெர்மனி மூணும் சந்திக்கற 322 மீட்டர் குன்று ஊரை ஒட்டியே இருக்கு. மாஸ்ட்ரிக்ட், லியேஜ் ரெண்டும் காலையில போய் சாயங்காலம் வந்துரலாம். பிரஸ்ஸல்ஸுக்கு ஐசிஇ (ஜெர்மன் அதிவேக ரயில்) போகுது, அதுக்கு முன்பதிவு கட்டாயம் இல்ல. இந்த மூணையும் 16 நாள் சுற்றுல சேக்காம ஞாயிற்றுக்கிழமைகளுக்கு விட்டுரலாம்.

செமஸ்டர் டிக்கெட் ஜெர்மனி முழுக்க ஆர்இ, ஆர்பி, எஸ்-பான் மாதிரி வட்டார வண்டிகளுக்குத்தான், ஐசிஇ, ஐசி மாதிரி தொலைதூர வண்டிகளுக்கு இல்ல. எல்லைக்கு அந்தப்புறமும் சில ஸ்டேஷன் வரைக்கும் அது செல்லும்: நெதர்லாந்துல வென்லோ, ஆஸ்திரியாவுல சால்ஸ்பர்க், குஃப்ஸ்டைன், சுவிஸ்ல பாசல் பாடிஷர். சூரிச் போறதுக்கு பாசல் வரை இதுலயே போய், அங்கருந்து சுவிஸ் டிக்கெட் எடுக்கலாம். ஒரே ஒரு கவனம், பாசல் பாடிஷர் ஸ்டேஷன் வேற, பாசல் எஸ்பிபி (சுவிஸ் ரயில் ஸ்டேஷன்) வேற. நடுவுல உள்ள டிராமுக்குத் தனி டிக்கெட். லக்ஸம்பர்க் பட்டியல்ல இல்லையே? 2020 மார்ச்சுல இருந்து அங்க ரயில், பஸ், டிராம் இரண்டாம் வகுப்பு எல்லாருக்கும் இலவசம். பக்கத்து ஜெர்மன் ஊரான ட்ரியர்ல தங்கி ஒரு நாள் போய் வரலாம்.

நெதர்லாந்துல டிக்கெட் வாங்காமலே வங்கி அட்டையைத் தட்டி ஏறலாம். இறங்கும்போதும் தட்டணும், மறந்தா ரயிலுக்கு 20 யூரோ வரை பிடிச்சுருவாங்க. இன்னொரு தப்பும் நிறைய நடக்கும்: ஏறும்போது போனைத் தட்டி, இறங்கும்போது அட்டையைத் தட்டறது. ரெண்டும் ஒரே கணக்குன்னாலும் எந்திரத்துக்கு ரெண்டும் வேற வேற, ரெண்டு முழுமையடையாத பயணமா பதிவாயிரும். இத்தாலி எப்பவாவது போனா, வட்டார ரயிலோட காகித டிக்கெட்டை ஏறறதுக்கு முன்னாடி நடைமேடை எந்திரத்துல முத்திரை போடணும். காசு குடுத்து வாங்கின டிக்கெட்டா இருந்தாலும் முத்திரை இல்லன்னா அபராதம்தான்.

ஃப்ளிக்ஸ்பஸ் மலிவு. 20 கிலோ பெட்டி ஒண்ணும் கைப்பை ஒண்ணும் சேந்தது. ஆனா ஆம்ஸ்டர்டாம் பஸ் நகர நடுவுல நிக்காது, ஸ்லோட்டர்டைக்ல இறக்கி விடுவான். மலிவு விமானத்துலயும் இதே கதைதான். பாரிஸ்னு போட்டிருக்கற போவே விமான நிலையம் சுமார் 80 கிலோமீட்டர் தள்ளி இருக்கு, நெல்லைக்கும் நாகர்கோவிலுக்கும் உள்ள தூரம். அங்கருந்து நகரத்துக்குப் போற பஸ் கட்டணத்தையும் நேரத்தையும் கூட்டினா ரயிலே தேவலைன்னு ஆயிரும். மலிவு விமான நிறுவனமான ரையன்ஏர்ல ஐரோப்பியப் பாஸ்போர்ட் இல்லாதவங்க பாதுகாப்புச் சோதனைக்கு முன்னாடி கவுன்ட்டர்ல ஆவணத்தைக் காட்டிச் சரிபாத்துக்கணும். இதை விட்டுட்டு நேரா கேட்டுக்குப் போனா அங்க திருப்பி அனுப்புவாங்க, விமானம் போயிரும்.

மார்ச்சுல ராத்திரி பஸ் போடறவங்களுக்கு: கடைசி ஞாயிறு அதிகாலை ரெண்டு மணி, மூணு மணியா மாறும். அன்னைக்கு அடுத்த வண்டிக்கு ஒரு மணி நேரம்தான் இடைவெளி விட்டிருந்தா அது காலியாயிரும்.

காப்பீடு பத்திக் கவலை வேண்டாம். அரசு காப்பீட்டு அட்டையோட பின்பக்கமே ஐரோப்பிய மருத்துவக் காப்பீட்டு அட்டைதான், ஷெங்கன் முழுக்கச் செல்லும்.

வண்ணாரப்பேட்டை மருந்தாளர்:

மேல சொன்னதுல கடைசி வரி தப்பு, அண்ணாச்சி. அதைத் திருத்தாம விடக் கூடாது. அந்த அட்டை ஐரோப்பிய ஒன்றிய நாடுகள்ல செல்லும், சரி. ஆனா வைத்திருக்கறவர் ஐரோப்பியக் குடிமகனா இல்லன்னா சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லீக்டென்ஸ்டைன், டென்மார்க் அஞ்சு நாட்லயும் செல்லாது. பக்கத்துல நிக்கற ஜெர்மன் கூட்டாளிக்குச் செல்லும், நம்ம பிள்ளைக்குச் செல்லாது. அட்டை ரெண்டு பேர்கிட்டயும் பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும். சூரிச் போய்ப் பனியில வழுக்கி மணிக்கட்டு முறிஞ்சா முழுச் செலவும் கைக்காசு. செல்ற நாடுகள்லகூட ஊருக்குத் திருப்பிக் கொண்டுவர்ற செலவு அதுல வராது. ஜெர்மனியில வருஷத்துக்கு எடுக்கற வெளிநாட்டுப் பயண மருத்துவக் காப்பீடு கொஞ்சப் பணம்தான். கிளம்பறதுக்கு முன்னாடி கட்டாயம் எடுக்கச் சொல்லுங்க.

சுவிஸ் இன்னொரு இடத்துலயும் கையைக் கடிக்கும். ஜெர்மன் சிம்முக்கு ஒன்றியத்துக்குள்ள ரோமிங் கட்டணம் இல்ல, சுவிஸ் அந்த ஏற்பாட்டுல இல்ல. பாசல் பக்கம் போனதுமே போன் தானா சுவிஸ் கோபுரத்தைப் பிடிச்சுரும். எல்லைக்கு முன்னாடியே டேட்டா ரோமிங்கை அணைச்சு, வரைபடத்தை இறக்கி வச்சுக்கணும்.

ப்ராக்ல கொருனா, சூரிச்ல ஃபிராங்க். ஏடிஎம்மோ கடையோ "யூரோவுல கழிக்கவா"ன்னு கேட்டா வேண்டாம்னு அந்த ஊர்ப் பணத்தையே அழுத்தணும். யூரோவை அழுத்தினா அவங்க வைக்கற விலையில மாத்திருவாங்க. செக் நாட்டுக்குள்ள 18 முதல் 25 வயசு மாணவர்களுக்கு ரயில், பஸ்ல பாதிக் கட்டணம். வெளிநாட்டுப் பல்கலைக்கழக மாணவர்னா ஐசிக் (சர்வதேச மாணவர்) அட்டை காட்டணும்.

பாரிஸ்ல பிள்ளை வயசுக்குப் பெரிய லாபம் ஒண்ணு இருக்கு, பலருக்குத் தெரியறதில்ல. லூவ்ர், ஓர்சே அருங்காட்சியகம், வெர்சாய் அரண்மனை மூணும் ஐரோப்பாவுல குடியிருக்கற 18–25 வயசுக்காரங்களுக்கு இலவசம். எந்த நாட்டுப் பாஸ்போர்ட்னு பாக்கறதில்ல, குடியிருப்புக்கான அத்தாட்சி போதும். லூவ்ருக்கு இலவசமானாலும் நேரம் முன்பதிவு பண்ணணும். லூவ்ர் செவ்வாய் விடுமுறை, மத்த ரெண்டும் திங்கள். இதை இத்தாலியில எதிர்பாக்கக் கூடாது, அங்க 2 யூரோ டிக்கெட்ங்கற சலுகை ஒன்றியக் குடிமக்களுக்குத்தான். ஆம்ஸ்டர்டாம்ல ஆன் ஃபிராங்க் வீட்டு அருங்காட்சியகத்துக்கு வாசல்ல டிக்கெட் கிடையாது. ஒவ்வொரு செவ்வாயும் ஆறு வாரம் கழிச்சு வர்ற தேதிக்கு இணையத்துல விடுவாங்க, அன்னைக்கே தீர்ந்துரும்.

சாப்பாட்டுக்கு இட்லிப்பொடி, முறுக்கு, சத்துமாவு கைப்பையில போகும். தொக்கு, ஊறுகாய் விமானக் கைப்பையில பல விமான நிலையங்கள்ல 100 மில்லி டப்பாவுக்கு மேல போகாது.

பாளைக்காரர்:

ரொம்ப நன்றி. லண்டனை விட்டாச்சு, மின்னஞ்சல் இன்னைக்கே போடச் சொல்லிட்டேன். ஒரே ஒரு பயம், வழியில பாஸ்போர்ட் தொலைஞ்சா என்ன செய்யணும்?

பொதிகைச்சாரல்:

முதல்ல அந்த ஊர்ப் போலீஸ்ல புகார் குடுத்து எழுத்துல நகல் வாங்கணும். அவசர எண் எல்லா நாட்லயும் 112. அங்க இருக்கற இந்தியத் தூதரகத்துல அவசரச் சான்று குடுப்பாங்க, ஆனா அது இந்தியாவுக்குத் திரும்ப மட்டும்தான் செல்லும். படிப்பைத் தொடரணும்னா அதை வாங்கக் கூடாது. புகார் நகலோட, ஜெர்மனிக்கு எப்படித் திரும்பறதுன்னு அந்தத் தூதரகத்துலயே கேட்டு, புதுப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கணும். ஆஹன் இருக்கற மாநிலத்துக்கு ஃபிராங்க்ஃபர்ட் துணைத் தூதரகம்.

கார்டு கையில இருந்தா அதையும் பாஸ்போர்ட்டையும் வேற வேற பையில வச்சுக்கலாம், ஒண்ணு போனாலும் இன்னொண்ணு இருக்கும். ஆனா ஃபிக்சியோன்ஸ்பெஷைனிகுங்கோட போனா அந்த வசதி இல்ல. அது செல்றதுக்குப் பழைய விசாவும் வேணும், விசா ஒட்டியிருக்கறது பாஸ்போர்ட்லதான். பாஸ்போர்ட் போனா தாளும் போன மாதிரி. அதனால அந்தப் பயணத்துல பாஸ்போர்ட் ஹாஸ்டல் அறையிலயோ பஸ்ஸோட மேல்தட்டுலயோ இருக்கக் கூடாது, உடம்போட ஒட்டின பையில மட்டும். விசாப் பக்கம், தாளோட எல்லாப் பக்கம், ரெண்டோட நகலும் ஒண்ணு வீட்டுல உங்ககிட்ட, ஒண்ணு கூட்டாளி பையில.